ஆள் இருக்கிற வீடு

ஜூன் 3

அக்கா,

இதைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன்னோடு பேச வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் போன் எந்நேரமும் அவள் இடுப்பிலேயே இருக்கிறது. உன் போனைப் பாதி நேரம் அத்தான்தான் எடுக்கிறார். அதனால் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவுகிற ஆயாம்மா உங்கள் கட்டடத்தில்தான் இரண்டாவது மாடியில் இருக்கிறாராம். "உங்கக்காவா? தண்ணிக் குடத்தோட படியேறும்போது பார்ப்பேன். சிரிக்கக்கூட மாட்டா" என்றார். அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட.

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

நம் வரிசையில் உன் வீடு இருந்த இடம் விழுந்த பல் மாதிரி இருக்கிறது. நீ அவர்கள் கொடுத்த மாற்று வீட்டுச் சாவியை வாங்கிய மறுநாளே வந்து தகரத்தை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்த வழியாக லாரியே உள்ளே வரலாம். அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை.

நீ போன பிறகு இங்கே ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. 'இருப்பு' என்று சொல்கிறோம். ஆள் குடியிருக்கிற வீட்டைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் இடிக்கக்கூடாதாம். ஆள் இல்லாவிட்டால் அது வீடே இல்லையாம், வெறும் தகரமாம். டெய்லர் மாமாதான் வக்கீலம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னார். அதனால் பகலில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் வேறு யாராவது போய் உட்கார்ந்திருப்போம். இடிக்கிறவர்கள் கடப்பாரையோடு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி "ஆள் இருக்கா?" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து உடனே "இருக்கோம்" என்று கத்த வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பவர் தூங்கிப்போனால் அவருக்கும் சேர்த்து நாம் கத்த வேண்டும்.

போன வாரம் இஸ்திரிக்காரர் நன்றாகத் தூங்கிவிட்டார். அதிகாரி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு பதிலும் காணோமே" என்றார். அவர் பெண்டாட்டி குழாயடியிலிருந்து ஓடி வந்து, "அப்போ உள்ள குறட்டை விடுறது யாரு சார், உங்க மாமனாரா?" என்றாள். கடப்பாரை வைத்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

எனக்கு வியாழக்கிழமை இருப்பு. அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போவதில்லை. கணக்கு டீச்சரிடம் வயிற்றுவலி என்றேன். "அதென்ன, உன் வயிறு காலண்டர் பார்த்து வலிக்குது?" என்றார். வகுப்பே சிரித்தது.

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது அக்கா. பைக்கில் வருகிற அடியாட்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்றும் செய்வதில்லை. கூப்பிடுவது மட்டும்தான்.

நீ எப்படி இருக்கிறாய்?

எலி


ஜூன் 9

எலிக்குட்டிக்கு,

ஆயாம்மா கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன் என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும், அதனால் ஒரு தடவைதான் படித்தேன்.

விழுந்த பல்லா? நல்ல வாய்தான் உனக்கு. பல் தானாக விழவில்லை, அம்மா பிடுங்கி எறிந்தாள் என்பதையும் எழுதியிருக்கலாம். என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்து, எல்லோரும் பார்க்க, "சாவி வாங்கினவ இனிமே இந்த வாசல மிதிக்கக்கூடாது" என்றது யார்? நான் யார் வீட்டையும் விற்கவில்லை. என் தகரத்தை நான் கொடுத்தேன். மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று சமைத்தவள் நான். சுவர் வைத்த வீட்டில் படுக்க ஆசைப்பட்டது கொலைக்குற்றமா?

சுவர் இருக்கிறது. சுவர் மட்டும்தான் இருக்கிறது. நாலாவது மாடி. லிஃப்டுக்கு என்று விட்ட ஓட்டையில் குப்பை கொட்டுகிறார்கள். தையல் கம்பெனிக்கு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் கேட்டை மூடிவிடுகிறார்கள், அதனால் வேலையை விட்டுவிட்டேன். நாள் முழுக்க எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் என்னென்ன காரணத்துக்குச் சண்டை போடுவார்கள் என்பது மட்டும் மனப்பாடம்.

உன் அத்தானுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் லாரி ஓட்டுகிறார். ஆமாம், உங்கள் பக்கம் இடிக்கிற அதே ஒப்பந்தக்காரர்தான். இடித்ததை அள்ளிக்கொண்டு போகிற லாரி. அம்மாவுக்குத் தெரிந்தால் காறித் துப்புவாள். துப்பட்டும். எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்? சங்கமா?

நீ இங்கே வந்துவிடு. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வாரம் ஐந்து நாளும் போகலாம், யார் வீட்டிலும் உட்கார்ந்து கத்த வேண்டாம். அம்மாவின் போராட்டத்தில் உன் படிப்பு ஏன் போக வேண்டும்?

இன்னொன்று. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவாள், எனக்கு அது வேண்டாம்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

நீ சொன்ன விஷயத்தைப் படித்துவிட்டுப் போர்வைக்குள்ளேயே சிரித்தேன். அம்மா புரண்டு படுத்தாள், மூச்சை அடக்கிக்கொண்டேன். நான் சித்தி. என்னை 'எலிச் சித்தி' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தால் கொன்றுவிடுவேன்.

வருகிறேன் என்றுதான் எழுத நினைத்தேன். அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ரோட்டோர வரிசையை இடித்தார்கள். அன்றைக்குக் கோர்ட் உத்தரவோடு வந்தார்கள், எவ்வளவு கத்தியும் பிரயோஜனமில்லை. லாரியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அம்மா துப்பவில்லை அக்கா. வேலைக்குப் போய், பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடியில் பொழுது சாயும்வரை கல் சுமந்துவிட்டு வந்தாள். மேல்தளத்திலிருந்து பார்த்தால் நம் கூரை தெரியுமாம். "எறும்பு முட்டை மாதிரி இருக்குடி, விரலால தள்ளிடலாம்" என்றாள்.

மறுநாள் டெய்லர் மாமாவின் கடையைக் கொளுத்திவிட்டார்கள். மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். பட்டப்பகலில்தான். போலீஸ்காரர் ஒருவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டெய்லர் மாமா சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "துணிதானே எரிஞ்சுது, அளவெல்லாம் என் தலையிலதான இருக்கு" என்றார். எல்லோரும் சிரிக்கப் பார்த்தோம். வரவில்லை. அடுத்தது தலைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதனால் அவரை ஒளித்து வைத்திருக்கிறோம். வக்கீலம்மா மனு போட்டிருக்கிறார். விசாரணை அன்று டெய்லர் மாமா வந்து நின்று பேசினால், கொளுத்தச் சொன்னவர்கள்வரை இழுத்துவிடலாமாம். அதுவரை அவர் யார் கண்ணிலும் படக்கூடாது. எங்கே இருக்கிறார் என்று எழுத மாட்டேன். உன்னிடம்கூட.

கோபித்துக்கொள்ளாதே.

எலி


ஜூன் 22

எலிக்கு,

"உன்னிடம்கூட." நன்றாக இருக்கிறது. அம்மை போட்டிருந்தபோது ராத்திரி பகலாக உன்னை மடியில் போட்டு வேப்பிலையால் விசிறியது யார் என்று அம்மாவைக் கேட்டுப் பார். அப்போது என்னிடம் சொல்ல முடியாதது எதுவும் உன்னிடம் இருக்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவன் வேறு, இடிக்கிறவன் வேறு. ஏற்றினதைக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. அன்றைக்கு வந்து சாப்பிடவில்லை. "உன் தங்கச்சி வளர்ந்துட்டா. என்னப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்னா" என்றார். குனிந்தே இருந்தார். இவரை நீங்கள் வில்லனாக்கிவிட்டீர்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஊரை ஜெயிக்கப் போகிறீர்கள், நாங்கள் இரண்டு பேர்தான் துரோகிகள்.

அவர்கூடக் கேட்டார், "டெய்லர் எங்க இருக்காராம்?" என்று. தெரியாது என்றேன். சிரித்தார். "உன் வீட்டு ஆளுங்களே உன்ன நம்பலியா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வருவதாக இருந்தால் வா. வராவிட்டால் போ. நான் கெஞ்ச மாட்டேன்.

அக்கா


ஜூன் 30

அக்கா,

ஆயாம்மா சொல்லியிருப்பார். டெய்லர் மாமா செத்துப்போய்விட்டார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அவர் நமக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். காகிதம் பொறுக்குகிற அண்ணன் வீட்டில். அந்த அண்ணன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். நம் வரிசையில் பூட்டிய கதவைப் பார்க்கவே விசித்திரமாக இருந்தது. பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று பைக்கில் வருகிறவர்கள் நினைப்பார்கள் என்பது சங்கத்தின் ஏற்பாடு. என்னிடம் அம்மா சொல்லியிருந்தாள்: "யார் வந்து என்ன கேட்டாலும் அந்த வீட்டப் பத்தி வாயத் திறக்காத. இடிக்க வந்தா மட்டும் சத்தம் கொடு. தூங்குற மனுஷன் மேல தகரம் விழுந்துடும்."

வியாழக்கிழமை. நான் நம் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. எப்போதும்போலத்தான். கடப்பாரை இருந்தது, தகரம் வெட்டுகிற பெரிய கத்தரி இருந்தது. முதல் வீட்டில் தட்டி "ஆள் இருக்கா?" என்றார்கள். "இருக்கோம்." அடுத்த வீடு. "இருக்கோம்." நானும் "இருக்கோம்" என்றேன். பிறகு அந்தக் கதவுக்குப் போனார்கள். ஒருவன் சொன்னான், "இவன் பூட்டிட்டுப் போயிட்டான்டா. தூக்கு." கடப்பாரையைத் தகரத்துக்கு அடியில் கொடுக்கிற சத்தம் கேட்டது.

நான் கத்திவிட்டேன். "இடிக்காதீங்க! உள்ள ஆள் இருக்கு! தூங்குறாங்க!" என்று.

எல்லாம் நின்றுவிட்டது. ஒருவன் நம் கதவுக்கு வந்து, ரொம்ப மெதுவாக, "பூட்டின வீட்டுக்குள்ளயா பாப்பா?" என்றான்.

அவன் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர்கள் தகரத்தைத் தொடவே இல்லை அக்கா. பூட்டைத்தான் உடைத்தார்கள். டெய்லர் மாமா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "வெளிய வர்றேன்ப்பா, பக்கத்துல புள்ளைங்க இருக்கு, நானே வெளிய வர்றேன்" என்றார். வெளியே வரவிடவில்லை.

முகத்தில் எல்லோரும் துணி கட்டியிருந்தார்கள். எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கத்தியது யார் என்று இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பெண்பிள்ளை குரல் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் வரிசையில் அன்றைக்கு இருப்பில் இருந்த பெண்பிள்ளைகள் நான்கு பேர்.

டெய்லர் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மரம் மாதிரி நின்றேன்.

எலி


ஜூலை 5

எலி,

கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் நீ கிழித்துவிடு.

கடப்பாரையை எழுதினாய். கத்தரியை எழுதினாய். லாரியை ஏன் எழுதவில்லை? என் வீடு இருந்த இடத்தில், உன் வாசலை ஒட்டி, அது நின்றிருந்தது. நீ கதவைத் திறந்து அவரைப் பார்த்தாயாம். அவரே சொன்னார். நீ என்னிடம் மறைத்தாய் என்றால் மனதுக்குள் ஏதோ முடிவு செய்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதா?

அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வழக்கம்போல இடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வாந்தி எடுக்கிறார். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. செய்தவன் இப்படி இருப்பானா?

போலீஸில் நீ ஒரு பெயர் சொன்னால் அது அவர் பெயராகத்தான் இருக்கும். வேறு யாரையும் உனக்குத் தெரியாது. யோசித்துப் பார். என் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து யோசி.

அப்புறம், வாயைத் திறந்தால் பாதியோடு நிறுத்த விடமாட்டார்கள். உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். பூட்டிய வீட்டைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்பார்கள். டெய்லர் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருக்கிறாயா?

நான் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் வேலையிலிருந்து வந்து கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முதலில் நான் கத்தியதைச் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தாமலே, "நாங்க சொல்லிக் கொடுத்ததத்தான நீ செஞ்ச" என்றாள். அப்படித்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானே பின்னிக்கொள்கிறேன்.

பிறகு அத்தானைச் சொன்னேன். "அவன்தானா? நல்லாப் பார்த்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தபோது நான் நின்றிருந்தேன், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். இறங்கவில்லை என்பது நிஜம்தான். அதையும் சொல்வேன். ஆனால் உள்ளே டெய்லர் மாமா பேசியது லாரிவரைக்கும் கேட்டிருக்கும் அக்கா. ஹார்ன் அடித்திருந்தாலாவது யாராவது ஓடி வந்திருப்பார்கள்.

நீ மாசமாக இருப்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று நீ எழுதியதை மீறிவிட்டேன். அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். "சொல்லு. நாளைக்கு அந்தப் புள்ள வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். உன் வீடு இருந்த பக்கம்.

நாளைக் காலை வக்கீலம்மா வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். டெய்லர் அத்தையிடம் அங்கே வைத்து இல்லை, அதற்கு முன்னால் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அம்மாவும் வருகிறாள்.

அத்தை தனியாக இருக்க விடாமல் யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நம் வார்டு கவுன்சிலரே வந்து தரையில் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப்பொறந்தவன் போன மாதிரி இருக்கும்மா. எவனா இருந்தாலும் விடமாட்டேன்" என்று கண் கலங்கினார். அன்றைக்குத்தான் அத்தை ஒரு வாய் டீ குடித்தாள்.

ஆயாம்மா நாளை மாலைதான் வீடு திரும்புவார். இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். தெரிந்துதான் இன்றைக்கு எழுதுகிறேன். முன்னாலேயே எழுதியிருந்தால் நீ கிளம்பி வந்திருப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது.

எலி


ஜூலை 20

சாட்சிக்காரிக்கு,

வந்தார்கள். நாலு மாடி ஏறி வந்து, சட்டை போடக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் தடவையாக எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேடிக்கை பார்க்க.

அவரை மட்டும்தான் பிடித்திருக்கிறார்கள், தெரியுமா? துணி கட்டியிருந்தவர்கள் யார் என்று அவரை அடித்துக் கேட்கிறார்கள். எழுதிக்கொள்வதற்காக இல்லை, அவர் வாய் எவ்வளவு தூரம் திறக்கும் என்று பார்ப்பதற்காக. அவர் திறக்க மாட்டார். அதனால் கேஸ் முடிந்தது. லாரி டிரைவர் முன்விரோதத்தில் ஆள் வைத்துக் கொன்றான் என்று எழுதிவிட்டார்கள். உனக்குத் தெரிந்தது ஒரு பெயர். அவர்களுக்கும் அந்த ஒரு பெயர் போதும்.

நியாயம் பேசுகிற வீடாயிற்றே உன் வீடு. உனக்கு இன்னொரு பெயர் தருகிறேன்.

அன்று விடிகாலையில் போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். "புருஷன வரச்சொல்லும்மா. இன்னிக்கு இடிக்கிற வேலை இல்ல. ஒருத்தரப் பார்க்க வேண்டியிருக்கு. வண்டிய மட்டும் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லு, பூட்டின வீடு ஒண்ணு புதுசா இருக்காம்" என்றது அந்தக் குரல். எலக்‌ஷன் சமயத்தில் தெருத் தெருவாக மைக்கில் கேட்ட குரல் எனக்கு மறக்குமா? டெய்லர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாரே, அவர்தான். நான் தலையைத் துவட்டத் துண்டைக் கொடுத்தபடியே உன் அத்தானிடம் அதைச் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன். அவருக்குத் தெரியாது என்று உனக்கு எழுதியது பொய். எனக்கும் தெரியும்.

இப்போது போய்ச் சொல். வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல். அந்த போன் விஷயம் தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒருவர் ஜெயிலில் இருக்கிறார். நீ ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வீடு திரும்புவதற்குள் அவர்கள் இங்கே படியேறிவிடுவார்கள். நான் கத்தினால் இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கும் சேர்த்துக் கத்த மாட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்த வீடு எனக்கே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூடிக்கொண்டு இருக்கிறேன். அம்மாவிடம் சொல், என்னைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.

இனி ஆயாம்மாவிடம் எதுவும் கொடுத்தனுப்பாதே.


ஆகஸ்ட் 2

அக்கா,

கொடுத்தனுப்பாதே என்றாய். இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. வக்கீலம்மாவிடமும் காட்டவில்லை. முதல் நாள் நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். படியேறுகிற சத்தம் எனக்கு இங்கேயே கேட்கிறது அக்கா.

நம் வரிசையில் பாதி போய்விட்டது. இருப்புக்கு இப்போது யாரும் வருவதில்லை. "ஆள் இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்ல எல்லோருக்கும் பயம். பேசாமல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்கள். விசாரணை நடந்தது. டெய்லர் மாமா இல்லாததால் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. நாங்கள் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இடம் பார்க்கிறோம். அம்மா இன்னும் அதே அடுக்குமாடியில்தான் கல் சுமக்கிறாள். சாயங்காலம் வந்தால் உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "அவ மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறாளாமா?" ஆயாம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

டெய்லர் அத்தைக்குக் கவுன்சிலர் புது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் கத்தியதைச் சொன்ன நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு அவளே கூப்பிட்டாள். ஸ்கூல் பாவாடைக்கு அளவு எடுக்கிறேன் வா என்றாள். டெய்லர் மாமா மாதிரியே, வளர்கிற பிள்ளை என்று கீழே இரண்டு விரல் மடிப்பு விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்தபடியே கேட்டாள்:

"டிரைவரத் தவிர வேற யாரையாவது பார்த்தியா கண்ணு? வேற யார் பேராவது, யாராவது சொல்லி, உன் காதுல விழுந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. கவுன்சிலர் சார் உன்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இல்லத்தை" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. அப்படியே சொல்லிடுறேன்" என்றாள்.

எலி